மலைக்குளிரில் தொட்டி மிளகாய்: ரகம் தேர்வு முதல் முதல் காய் வரை

மிளகாய் விதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எது எவ்வளவு காரம் என்பதைத்தான். மலையில் வீடு இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் ஊரின் இரவுக் குளிரைப் பாருங்கள். பெரும்பாலான மிளகாய்களில் இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், காய்தான் வராது. அப்போது உரத்தைக் கூட்டிப் பயனில்லை. ரகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

எந்த உயரத்துக்கு எது

சுமார் 1,000 மீட்டரில் இருக்கும் கூடலூரிலும், பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் காந்தாரியே போதும். காப்பித் தோட்ட வேலியோரம் தானாக முளைத்து நிற்பதும் பெரும்பாலும் இதுதான். பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை. பழத்தைத் தின்று விதையை எச்சத்தோடு போட்டுவிடுகின்றன. மிளகாய் இனமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பதால் இது நம் காட்டுச் செடி ஆகாது. ஆனாலும் யார் பராமரிப்பும் இல்லாமல் வாழப் பழகிவிட்டது.

அசல் காட்டு மிளகாய் வேண்டுமானால் மெக்சிகோவின் சில்டெபின். நம் குண்டு மிளகாயும் சம்பா மிளகாயும் இதே இனத்தின் வீட்டு வாரிசுகள். பட்டாணியை விடச் சிறிய உருண்டைக் காய்; சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் காரம். இதற்கும் வெதுவெதுப்பான இரவு வேண்டும்.

குன்னூர், கோத்தகிரி உயரத்தில் நல்ல வெயில் விழும் தெற்குச் சுவர் இருந்தால் தென்னமெரிக்க அஜி ரகங்களை வையுங்கள். பழவாசனைக்கு இவைதான் என் தேர்வு. சாம்பாரை விடத் துவையலிலும் சட்னியிலும் அந்த மணம் நன்றாகத் தெரியும்.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே பதில் ரொக்கோட்டோ. ஆண்டிஸ் மலைச்செடி, இலையில் ரோமம், ஊதாப் பூ, தக்காளி போல் சதைப்பற்றுள்ள காய். மற்ற மிளகாய்கள் முடங்கும் குளிரில் இது காய்க்கும். சமவெளி வெயிலில் பூவை உதிர்த்துவிடும் என்பதால், சென்னைக்காரர்களுக்கு வாய்க்காத மிளகாய் இது. இதன் காட்டு உறவுகளான பொலிவியாவின் உலுப்பிகா ரகங்கள் கிடைத்தாலும் விடாதீர்கள். அவற்றில் கார்டெனாசி என்பது தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, குறைந்தது இரண்டு செடி வேண்டும்.

விதை வந்ததும் நிறத்தைப் பாருங்கள். ரொக்கோட்டோ விதை கருப்பாக இருக்கும். வெளிர்மஞ்சளாக இருந்தால் அது வேறு மிளகாய், திருப்பி அனுப்பிவிடுங்கள். அஜி வாங்கியிருந்தால் பூவரும் வரை காத்திருக்க வேண்டும்: வெள்ளை இதழின் அடியில் மஞ்சளோ பச்சையோ புள்ளி இருந்தால் அது சரியான இனம்.

முளைக்க வைப்பது

பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். காட்டு ரக விதைகள் சோம்பேறிகள். நல்ல சூட்டிலேயே இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். மண் 15 டிகிரியில் இருந்தால் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். வேண்டியது 26 முதல் 30 டிகிரி, அதுவும் மண்ணுக்குள். அறை கதகதப்பாக இருப்பதால் மண்ணும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஈரமண் எப்போதும் அறையை விடக் குளிர்ந்தே இருக்கும்.

மீன் வரும் தெர்மகோல் பெட்டி ஒன்று, 25 வாட் குண்டு பல்பு ஒன்று, முட்டை பொரிக்கும் பெட்டிகளில் போடும் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துப் பல்பைத் தானே அணைத்துப் போடும் கருவி) ஒன்று, இவ்வளவு போதும். எல்இடி பல்பு போதிய சூடு தராது, வேண்டாம். பல்புக்கும் தெர்மகோலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒயரில் தண்ணீர் படக்கூடாது. தெர்மோஸ்டாட்டை 28-இல் வைத்து, அதன் சென்சாரை விதைத் தட்டின் மண்ணுக்குள் செருகுங்கள். காற்றில் தொங்கவிட்டால் பெட்டி 28 காட்டும்போது மண் 22-இல் கிடக்கும். பலரும் விதையைக் குறை சொல்வது இதைக் கவனிக்காமல்தான். தெர்மோஸ்டாட் இல்லாமல் பல்பை மட்டும் போடாதீர்கள், விதை வெந்துவிடும்.

விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நூல்போல் நீண்டுவிடும். ஜனவரி, பிப்ரவரியில் விதைத்தால் ஏப்ரலில் தொட்டிக்கு மாற்றலாம்.

தொட்டியும் மண்ணும்

மண்தொட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கவாட்டில் நீர் ஆவியாகும்போது வேர் குளிரும். சமவெளியில் அது வரம், இங்கே நஷ்டம். கருப்பு பிளாஸ்டிக் தொட்டியோ க்ரோ பேக்கோ வெயிலை உறிஞ்சி வேரைச் சூடாக வைக்கும். காந்தாரிக்கும் சில்டெபினுக்கும் 12 அங்குலம் போதும். ரொக்கோட்டோ பல ஆண்டு நிற்கும் புதர் என்பதால் 25 லிட்டருக்குக் குறையாமல் கொடுங்கள். அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள்.

மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவைத் தவிர்க்கலாம், மூடுபனி நாட்களில் அது காயவே காயாது. தேயிலைக்குப் பிடித்த மண்ணின் கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5; மிளகாய்க்கு 6-க்கு மேல் வேண்டும். அதனால் தேயிலைத் தோட்டத்து மண்ணை எடுத்தால் 10 லிட்டர் கலவைக்கு 30 கிராம் டாலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) சேர்த்து, ஈரமாக்கி இரண்டு வாரம் வைத்துவிட்டு நடுங்கள். டாலமைட் போட்டபின் அடுப்புச் சாம்பலும் போட வேண்டாம், அளவு மிஞ்சிவிடும்.

தண்ணீர் விடுமுன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விடாதீர்கள். மழைமாதத்தில் இலை மஞ்சளாவது பெரும்பாலும் பசியால் அல்ல, வேர் மூச்சுத் திணறுவதால்.

பூ வந்தபின்

மூடுபனியில் தேனீ வராது, மகரந்தமும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயில் எட்டிப் பார்க்கும் 11 மணி வாக்கில் சிறு தூரிகையால் பூவுக்குப் பூ தடவிவிடுங்கள். ரொக்கோட்டோவை ஒற்றைச் செடியாக வைக்காமல் இரண்டாக வைத்தால் காய்ப்பு கூடும். உலுப்பிகாவைத் தவிர, பக்கத்தில் இருக்கும் மற்ற மிளகாய்களோடு அது கலக்காது; உலுப்பிகா அருகில் இல்லையென்றால் விதையை அடுத்த ஆண்டுக்கு நம்பி எடுத்து வைக்கலாம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. திறந்த வானத்துக்குக் கீழே, பள்ளத்தில் உள்ள தொட்டிகள்தான் முதலில் கருகும். ரொக்கோட்டோ குளிரைத் தாங்குமே தவிர உறைபனியைத் தாங்காது. மாலையில் திண்ணைக் கூரைக்குள் நகர்த்திவிட்டால் போதும்.

பின்னர் சேர்த்தது: பறித்த காயைக் காயவைத்தால் பூசணம் பிடிக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ரொக்கோட்டோவின் தடித்த சதை மலை வெயிலில் காயாது. விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டையும் நீக்கி, வினிகரில் உப்போடு போடுங்கள். காந்தாரியை முழுசாக ஃப்ரீசரில் வைக்கலாம். இன்னொன்று: காந்தாரியும் சில்டெபினும் சிவந்ததும் காம்பை விட்டுக் கழன்றுவிடும், கொண்டைக்குருவிகளும் அதற்காகக் காத்திருக்கும். நிறம் மாறத் தொடங்கும்போதே வலையைப் போர்த்திவிடுங்கள்.