கடலூரில் ஹாம் ரேடியோ: செட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ மேல் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது எந்த செட் வாங்கலாம் என்றுதான். நம் பக்கம் இந்த ஆசை வரக் காரணமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது கரண்டும் போனும் சேர்ந்தே போயின. ஒரு கார் பேட்டரியும் நீளமாகக் கட்டிய கம்பியும் இருந்தால் டவரே இல்லாமல் பல நூறு கிலோமீட்டர் பேசலாம் என்பதன் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் உறைக்கும். ஆனாலும் செட்டைக் கடைசியில் வாங்குங்கள். உரிமம் இல்லாமல் வயர்லெஸ் செட் வைத்திருப்பதே சட்டப்படி தவறு, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தாலும்தான்.

முதலில் கேட்கப் பழகுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக அதிர்வெண்ணை மாற்றி மாற்றிக் கேட்கலாம். குரலைக் கேட்க 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் அப்பர் சைட்பேண்ட் (USB) என்ற முறையை வையுங்கள், 7 பக்கம் லோயர் (LSB). மாற்றி வைத்தால் குரல் வாத்து கத்துவது போல வரும். காதில் விழும் அழைப்புக்குறிகளை, அதாவது ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாள எழுத்துகளை, நோட்டில் எழுதுங்கள்: வியூ (VU) என்று தொடங்கினால் இந்தியா, 4எஸ் (4S) இலங்கை, ஜேஏ (JA) ஜப்பான்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது, விண்வெளி நிலையத்தைக் கேட்பது. கம்ப்யூட்டரில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்குங்கள், அதில் கேட்க மட்டும்தான் முடியும். 49 செ.மீ. கம்பி இரண்டு வெட்டி, ஒன்றைக் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியோடும் மற்றதை வெளி வலையோடும் இணைத்து, எதிரெதிராக நீட்டிவிட்டால் டைபோல் ஆன்டெனா தயார். நிலையத்திலிருந்து பேச்சு வருவது 145.800 மெகாஹெர்ட்ஸில், எஃப்எம் முறையில். நிலையம் மேற்கிலிருந்து ஏறிக் கிழக்கே இறங்கும் என்பதால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மறைக்கக் கட்டடம் எதுவும் இல்லாமல் கடைசிவரை கேட்கலாம். அதிகம் போனால் பத்து நிமிடம்தான், வரும்போது அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸ் போல மேலே இருந்து, தாண்டிப் போகப் போகக் கீழே இறங்கும். எல்லா நாளும் பேச்சு இருக்காது; அப்போது 145.825-ல் டேட்டா சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

சரி, உரிமத்துக்கான தேர்வு. 12 வயது ஆகியிருந்தால் போதும், தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். உரிமத்தில் ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) கிடையாது, வியூ3 என்று தொடங்கும் குறி கிடைக்கும். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும், அதற்கு வியூ2. அவசரம் இல்லை என்றால் நேராக ஜெனரலுக்கே படியுங்கள் என்பேன். புள்ளி, கோடு என்று தாளில் பார்த்து மனப்பாடம் செய்யாமல் தினமும் கொஞ்ச நேரம் காதால் கேட்டுப் பழகினால் மோர்ஸ் தானாக வந்துவிடும்.

உரிமம் வந்த பிறகு செட். இங்கே உப்புக்காற்று இணைப்புகளைச் சீக்கிரம் அரித்துவிடும், அதனால் மாடியில் இருக்கும் ஒவ்வொரு கனெக்டரையும் ரப்பர் டேப்பால் இறுக்கச் சுற்றுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஆன்டெனா வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வரும் முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

முதல் அழைப்புக்கு முன் கொஞ்ச நேரம் கேளுங்கள், அதிர்வெண் காலியா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மூன்று முறை சிக்யூ (CQ, யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற அழைப்பு) சொல்லி உங்கள் குறியை நிதானமாகச் சொல்லுங்கள். பதில் வந்தால் லாக் புத்தகத்தில் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து எழுதுங்கள், உலகம் முழுக்க ஹாம்கள் எழுதுவது யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரம்தான்.