ஆட்டுக்குட்டி டுகாட்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் புது நூற்றாண்டை வரவேற்று வெளியிட்ட தங்க நாணயம்தான் ஆட்டுக்குட்டி டுகாட். டுகாட் என்பது ஐரோப்பாவின் பழைய தங்க நாணய வகை. உலக உருண்டையின் மேல் கொடியோடு ஓர் ஆட்டுக்குட்டி நிற்கும். கொடியில் அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்ற சொல். இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆண்டில்தான்.

ஆண்டு எண்ணாகப் பொறிக்கப்படவில்லை. "தந்தையே, அமைதியைத் தந்து எங்கள் காலத்துக்கு முடிசூட்டும்" என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் ஓரத்தைச் சுற்றி ஓடும். அதில் ஒரு எம், ஒரு டி, இரண்டு சி ஆகியவை மட்டும் பெரிதாக இருக்கும். ரோமன் எண்களாகக் கூட்டுங்கள்: 1000, 500, 100, 100, மொத்தம் 1700. ஆகவே 'ஆண்டில்லாத நாணயம்' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

இதைக் கூட்டத் தெரிந்தவர்களும் அடுத்த படியில் தவறுகிறார்கள். 1700 என்றிருந்தால் அந்த ஆண்டே அடித்ததாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அன்பளிப்பாகக் கொடுக்க எல்லோரும் விரும்பிய நாணயம் என்பதால், அதே ஆண்டோடு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அடித்தார்கள். நாணயம் அடித்த அக்கசாலையின் பொறுப்பாளரின் முதலெழுத்துகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஜி.எஃப்.என். என்றால் கேயார்க் ஃப்ரீட்ரிஷ் நியூர்ன்பெர்கர், முதல் வெளியீட்டுக் காலத்தவர். சி.ஜி.எல்., ஐ.எம்.எஃப். என்றிருந்தால் அரை நூற்றாண்டு பிந்தியவை. அவையும் அசல்தான், ஆனால் முதல் வெளியீட்டின் விலையைக் கொடுத்து வாங்கக்கூடாது.

ஞானஸ்நானப் பரிசாகவும் கொடுத்ததால், பல நாணயங்கள் வளையம் கோத்துக் கழுத்தில் தொங்கியவை. பிறகு வளையத்தை எடுத்து அரம் போட்டிருப்பார்கள். ஏலப் படங்கள் இரண்டு முகங்களை மட்டுமே காட்டும். விளிம்பின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆட்டுக்குட்டியின் தலைக்கு நேர் மேலே தட்டையான இடமோ நிறம் மாறிய திட்டோ இருந்தால் அங்கே பற்றவைப்பு இருந்திருக்கிறது.

உரைகல்லில் உரசுவது, மெருகு போடுவது இரண்டும் கூடவே கூடாது. போன மேற்பரப்பு திரும்ப வராது. ஒரு டுகாட் சுமார் 3.49 கிராம், தங்கத் தூய்மை ஆயிரத்துக்கு 986. முதலில் எடை பாருங்கள், பிறகு எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் கீறாமல் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வையுங்கள். 900, 999 போன்ற தூய்மை எண் முத்திரை இருந்தால் அது நவீன மறுபதிப்பு.

சதுர வடிவில் வந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று ஒதுக்காதீர்கள். அப்படியே வெளியிட்டதும் உண்டு. 1/32 டுகாட்டும் இருக்கிறது. எடை 0.11 கிராம்தான், பொம்மைக் காசு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.