ஏற்காட்டில் யாரும் நின்று பார்க்காத நாடகம்

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர் தலைவராக இருந்தேன். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் முகாம். முகாமின்போது ஏற்காடு ஏரிப் பக்கம் பிளாஸ்டிக் ஒழிப்பு நாடகம் போட்டோம். வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் நானே. (அதைத்தான் தலைமை என்று நினைத்திருந்தேன்.) 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் என் வசனத்தைக் கேட்கவா வந்தார்கள்? மிளகாய் பஜ்ஜியோடு நகர்ந்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி, வாயே திறக்காத வாழப்பாடிப் பையன் ஒருவன், "எங்க தாத்தா கூத்துக் கட்டுறவருண்ணா. கட்டியங்காரன் வராம கூட்டம் சேராது" என்றான். தெருக்கூத்தில் கட்டியங்காரன்தான் முதலில் வந்து கேலி பேசுவான், கதை சொல்வான், நடுவில் புகுந்து சிரிக்கவைப்பான். சரி, அவனையே கட்டியங்காரன் ஆக்கினேன். 25 நிமிஷ நாடகத்தை 8 நிமிஷமாக வெட்டினேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கும் விவரம் மட்டும் தப்பியது, அதுவும் பாட்டாக. திறந்தவெளியில் குரல் கரைந்துபோனதால், முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும்படி இடம் மாற்றினோம். அப்புறம், ஆரம்பத்தில் வசனமே கிடையாது, வெறும் பறை.

மறுநாள் கூட்டம் நின்றது. "என்ன மாமா, பஜ்ஜிக்குக் காசு, பை மட்டும் சும்மாவா?" என்று அவன் கடைக்காரரை வம்புக்கு இழுக்க, அவரே சிரித்துக்கொண்டு கவர் கட்டை உள்ளே தள்ளினார். நான் ஓரமாக நின்று மஞ்சப்பை கொடுத்துக்கொண்டிருந்தேன்.