ஆக்சைடு வாய்பாட்டுக் குழப்பம் தீர்ந்த விதம்

உலோக ஆக்சைடுகளில் எனக்குத் தொல்லை கொடுத்தது பெயரில் வரும் ரோமன் எண்தான். அது அணுக்களின் எண்ணிக்கை இல்லை, உலோக அயனியின் மின்சுமை. அதனால் கணக்கை எப்போதும் ஆக்சிஜனிலிருந்தே தொடங்கினேன்: ஒவ்வொன்றும் மைனஸ் 2, மொத்தம் பூஜ்ஜியம். பெயரில் மூன்று (III) என்று குறித்த இரும்பு ஆக்சைடை எடுங்கள். இரண்டு இரும்பு சேர்ந்தால் பிளஸ் 6. அதற்கு ஈடாக மூன்று ஆக்சிஜன். சரி, வாய்பாடு வந்துவிட்டது, Fe₂O₃! வாய்பாட்டிலிருந்து பெயருக்குப் போக இதையே திருப்பிப் போடுவேன்.

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு மட்டும் முரண்டு பிடித்தது. மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன். பிளஸ் 8-ஐ மூன்று இரும்புக்கு வகுத்தால் பின்னம் வருகிறது. அப்புறம்தான் புரிந்தது, அதில் ஓர் இரும்பு பிளஸ் 2, மற்ற இரண்டும் பிளஸ் 3. மெக்னீசியத்துக்கு இந்த வம்பே இல்லை, எப்போதும் பிளஸ் 2தான், ரோமன் எண் தேவையில்லை. பெயரில் பெராக்சைடு என்று இருந்தால் மட்டும் ஆக்சிஜனை மைனஸ் 1 என்று வைத்துக்கொள்வேன்.