தாயையும் பிள்ளையையும் ஒருசேரக் காப்பது: டெல்டா களப்பணியாளருக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் சந்திக்கப் புதிதாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாய்க்கு ஒரு துறை, பிள்ளைக்கு இன்னொரு துறை என்று அலுவலகக் கோப்புகள் பிரிந்து கிடந்தாலும், வீட்டில் அடி விழும்போது இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆகவே தாயின் பாதுகாப்பை உறுதி செய்யாத எந்த ஏற்பாடும் பிள்ளைக்கு உதவுவதில்லை. பிள்ளையைத் தூதுக்கும் சாட்சிக்கும் இழுக்கிற எந்த ஏற்பாடும் தாய்க்கு நெடுநாள் நிற்பதில்லை.

முதல் சந்திப்பு

நாற்று நடும் நாட்களில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குவது இங்கே வழக்கம். ஒரு சம்பா நடவின்போது, எல்லோரும் கரையேறிக் கைகால் கழுவி, சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்த பிறகும், ஒருவர் மட்டும் அந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னிலையில் "கையில் என்ன காயம்?" என்று கேட்டிருந்தால், "வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். தனியாகப் பேசும் சூழலை உண்டாக்குவதே முதல் வேலை. அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பின் கிடைக்கும் பத்து நிமிடம் என, எங்கே போய் வந்தால் வீட்டில் யாரும் காரணம் கேட்க மாட்டார்களோ அந்த இடமே பொருத்தமானது.

வயதுக்கு ஏற்றபடி அக்கா என்றோ அம்மா என்றோ அழைத்து, "இப்போது பேசலாமா, அக்கா? நடுவில் யாராவது வந்தால் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நூறு நாள் வேலை அட்டை, மகளிர் உரிமைத் தொகை, குழந்தையின் தடுப்பூசி என்று ஏதாவது ஒன்றை அவரே சொல்லுவார். அவருடைய ஆபத்தை அவர்தான் நம்மைவிட நன்றாக அறிவார் என்பதும், நாம் அவரைக் கேட்டே நடப்போம் என்பதும் அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குப் புரிந்துவிடுகிறது.

தொலைபேசியைப் பற்றி ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும், அது என்னுடையது. பணிக்கு வந்த முதல் ஆண்டில், தவறிய அழைப்பு ஒன்றைப் பார்த்து அலுவலக எண்ணிலிருந்தே திரும்ப அழைத்தேன், எடுத்தது கணவர். நான் பேசாமல் துண்டித்துவிட்டாலும், யார் எண் என்று தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றிரவு உடைந்தது கைப்பேசி மட்டுமல்ல. எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், நம் எண்ணை என்ன பெயரில் பதிந்துகொள்வார் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் எண்ணை வாங்கக் கூடாது என்பதை அப்படித்தான் கற்றேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், குழந்தைகளுக்கான 1098-ஐயும், அவசரத்துக்கு 112-ஐயும் சீட்டில் எழுதிக் கொடுப்பதைவிட மனப்பாடம் செய்யச் சொல்வது நல்லது. அழைத்த பின் பதிவை அழிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆபத்தை எடைபோடுதல்

எல்லா அடியும் குற்றமே என்றாலும், எல்லாம் ஒரே அளவு உயிராபத்தைக் காட்டுவதில்லை. கழுத்தை நெரித்ததுண்டா, அரிவாளையோ மண்ணெண்ணெயையோ எடுத்து மிரட்டியதுண்டா, கர்ப்பமாக இருந்தபோது அடித்ததுண்டா, பிரிந்துபோவதாகச் சொன்ன பிறகு கொடுமை கூடியதா, பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று சொன்னாரா, என்று இவற்றை நேரடியாகவே கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் பதிலும் சுற்றி வளைத்தே வரும். கழுத்து நெரிக்கப்பட்ட பெண்ணுக்கு வெளியே கீறல்கூட இல்லாமல் போகலாம்; குரல் கம்முவதும், விழுங்கும்போது வலிப்பதும், தலைசுற்றுவதும் இருந்தால் அடுத்த நாளைக்குத் தள்ளாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பிரிந்துபோகும் முடிவை அறிவிக்கிற நாட்களே பெரும்பாலும் மிக ஆபத்தானவை என்பதால், "இன்றே வெளியே வந்துவிடுங்கள்" என்று நாம் அவசரப்படுத்துவது உதவியாக இருக்காது.

விவசாயக் குடும்பங்களில் கேட்டே ஆக வேண்டிய இன்னொன்று, பூச்சிமருந்து வீட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. மனம் வெறுத்துப்போன தாய்க்கும், ஆத்திரத்தில் இருப்பவருக்கும், எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கும் அது எட்டாத இடத்தில், முடிந்தால் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். "சாகலாம் போல் தோன்றுகிறதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, தயங்காமல் கேளுங்கள்.

"குடித்தால்தான் அடிக்கிறார், மற்றபடி நல்லவர்" என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பீர்கள். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் நாட்களில் டாஸ்மாக் கூட்டமும் வீட்டுச் சண்டையும் சேர்ந்து கூடுவது உண்மைதான். ஆனாலும் அதே போதையில் அவர் தமக்கு வேலை கொடுப்பவரை அடிப்பதில்லை, வழியில் நிறுத்தும் காவலரையும் அடிப்பதில்லை. குடிக்குச் சிகிச்சை தேவை. அடிக்குத் தனியாகப் பாதுகாப்பு தேவை. முதலாவது நடக்கும்வரை இரண்டாவதைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

வெளியேறும் இரவுக்கான ஏற்பாடு

அவர் போக முடிவெடுக்காவிட்டாலும், போக நேர்ந்தால் எப்படிப் போவது என்பதை உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கடைசி மினி பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் எந்த வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு விடியும்வரை இருக்கலாம், அடைமழையில் ஆற்றங்கரைச் சாலை மூழ்கினால் மாற்று வழி எது என்பன போன்ற சின்னக் கேள்விகள்தான் பெரிய வேலை செய்கின்றன. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, கூட்டுறவுச் சங்கத்தில் நகை அடகு வைத்த ரசீது ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அசல் எல்லாம் ஒரே நாளில் பீரோவிலிருந்து காணாமல் போனால் சந்தேகம் வரும். அரிசி மூட்டைக்கு அடியில் மஞ்சள் பையில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்து, நான்காம் மாதம் அந்தப் பையோடு மட்டும் வந்து சேர்ந்தவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பின்னர் எந்த அலுவலகத்திலும் சான்று கேட்டு அலைய நேரவில்லை.

"தாய்வீட்டுக்குப் போங்கள்" என்பது எளிதாக வாயில் வந்துவிடும். ஆனால் இந்தப் பக்கத்தில் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மாமியாரே அத்தையாகவோ பாட்டியாகவோ இருக்கும்போது, கணவர் வீட்டைவிட்டு வெளியேறுவது தம் தாயையோ தந்தையையோ உடன்பிறப்புக்கு எதிரே நிறுத்துவதாகிறது. எனவே முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, எந்த உறவினரிடம் பேசலாம், யாரிடம் பேசவே கூடாது என்று முடிவு செய்யுங்கள். போக இடமே இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்க வைக்கலாம். மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை ஆகியவற்றுக்கு அங்கிருந்தே வழி செய்வார்கள். நெடுநாள் தங்கும் விடுதியானால், ஆண் பிள்ளையை எந்த வயதுவரை தாயோடு அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாசல்வரை போன பிறகு பன்னிரண்டு வயது மகனை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டால், அந்தத் தாய் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

எழுத்தும் சட்டமும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல், பாலியல், சொல், மனம், பணம் ஆகிய எந்த வழியில் துன்புறுத்தினாலும் அது வன்முறையே. எந்த மதத்தினருக்கும் பொருந்தும். இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குச் சட்டப் பொறுப்பு எதுவும் வராது. அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 12-ஆம் பிரிவின் கீழ் மனுவும் போடலாம். பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. திருப்பூரில் அடிபட்டுப் பிள்ளைகளோடு மன்னார்குடிக்கு வந்தவர் வழக்குக்காகத் திருப்பூர் போய் அலைய வேண்டியதில்லை.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாட்களுக்குள்ளும், முடிவு 60 நாட்களுக்குள்ளும் என்று சட்டம் சொல்கிறது. இந்த 60 நாட்களை நம்பித் தேதி குறித்துக் கொடுத்துவிடாதீர்கள், வாய்தா நீளும். அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளிலேயே கேட்க வேண்டும். பாதுகாப்பு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் இடமுண்டு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமாக, அதாவது அவர் குடியிருக்கும் உரிமை கோரக்கூடிய வீடாக, இருக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறையோ, 20,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.

அறிக்கையில் எழுதும் வாக்கியமே நாளை நீதிமன்றத்தில் பேசும். "கணவர் அடிக்கடி துன்புறுத்துகிறார்" என்பதில் நடுவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "பொங்கலுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இரவு, சோறு ஆறிவிட்டது என்று சொல்லி, முடியைப் பிடித்துச் சுவரில் இரண்டு முறை மோதினார், ஆறு வயது மகள் கதவருகே நின்றிருந்தாள்" என்று எழுதினால் நாளும் செயலும் ஆட்களும் தெளிவாகத் தெரியும். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்குங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலையும், காவல் நிலையத்தில் மனு ரசீதையும் கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

பிள்ளை

மூன்று வயதுக் குழந்தை தாயின் முந்தானையை விடாது. ஏழெட்டு வயதில் பழக்கம் விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பலாம். மூத்த மகள் தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அப்பா வரும் நேரத்துக்கு வீட்டை ஒழுங்குபடுத்தி வைத்து இரண்டாவது தாயாகவே ஆகியிருப்பாள். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று ஊரே மெச்சும். அந்த மெச்சுதலில் நாமும் சேர்ந்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

தாயிடம் பேசும்போது பிள்ளை காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. பிள்ளையிடம் தனியாகப் பேசும்போது, நடந்தது அவர்களுடைய தவறு இல்லை என்பதையும், சண்டைக்கு நடுவில் போய் நிற்கக் கூடாது என்பதையும், எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் சொன்னால் போதும். "அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?" என்று கேட்பது கொடுமை, அப்பாவை நேசிக்கவும் அவருக்குப் பயப்படவும் ஒரே குழந்தையால் முடியும். பக்கத்து வீட்டு அத்தையோடு ஒரு குறிச்சொல்லைப் பேசி வைக்கலாம். "அம்மா மோர் கேட்டாங்க" என்று இரவில் வந்து நிற்கும் பையனைப் பார்த்ததும் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று அந்த அத்தைக்குத் தெரிந்திருக்கும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; அதைத் தாயிடமும் பிள்ளையிடமும் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ காவல் அதிகாரி சீருடை அணியாமல் வந்துதான் பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்பனவும் அதே சட்டத்தில் உள்ளவை.

ஊர் மாறி வந்த பிள்ளையை ஒரு நாளும் வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று எட்டாம் வகுப்புவரை சேர்க்கையைத் தாமதப்படுத்த 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. தலைமை ஆசிரியரிடம் விவரம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

சமரசம் என்று வரும்போது

நாட்டாண்மையும் பெரியவர்களும் மரத்தடியில் உட்கார்ந்து, இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பி வைப்பது இன்றும் நடக்கிறது. அடித்தவர் முன்னால் அடிபட்டவர் உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது வீண். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில்கூட, செய்த வன்முறைக்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க 2006-ஆம் ஆண்டின் விதிகள் இடம் கொடுப்பதில்லை. மரத்தடியில் அந்தக் காவலும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அவர் திரும்பிப் போகலாம். அறுவடைக் கூலி, மகளின் சடங்கு, மாமனாரின் உடல்நலம் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த முறை அடிபட்ட இரவில் நம் எண் அவர் நினைவுக்கு வராது. நகல்கள் அவர் கொடுத்து வைத்த இடத்திலேயே இருக்கட்டும், குறிச்சொல்லும் மாறாமல் இருக்கட்டும். கோப்பை மூட வேண்டாம். அடுத்த தடுப்பூசி நாள் என்றைக்கு என்று கேட்டு, அதை நம் நாட்காட்டியில் மட்டும் குறித்துக்கொண்டு, அன்று அங்கன்வாடி வாசலில் போய் நில்லுங்கள்.