தேக்கு வாங்கும்போது தரம் பார்ப்பதில் நேரும் தவறுகள்

மரச்சாமான் செய்யத் தேக்கு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இது எந்த ஊர்த் தேக்கு?" என்பதுதான். அதற்கு வரும் பதிலை வைத்தே தரத்தை முடிவு செய்வதுதான் பெரிய தவறு. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளில்கூட ஒன்று தலைமுறை தாண்டி நிற்கும், இன்னொன்று சில ஆண்டுகளில் பூச்சிக்கு இரையாகும். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டது. அதனால் "இப்போதுதான் வந்திறங்கிய பர்மா கட்டை" என்று சொன்னால் ஆவணத்தைக் கேளுங்கள்.

பெயரிலும் குழப்பம் உண்டு. 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்பது கானா, தான்சானியா போன்ற நாடுகளில் வளர்ந்த அசல் தேக்காக இருக்கலாம். தேக்குக் குடும்பத்துக்கே தொடர்பில்லாத இரோக்கோவாகவோ ஆஃப்ரோர்மோசியாவாகவோ இருக்கலாம். 'பிரேசில் தேக்கு' என்று விற்கப்படுவது பெரும்பாலும் குமரு மரம். இரோக்கோ, ஆஃப்ரோர்மோசியா, குமரு மூன்றும் மட்டமான மரங்கள் அல்ல, ஆனால் தேக்கும் அல்ல. ரசீதில் 'டெக்டோனா கிராண்டிஸ்' என்ற தாவரப் பெயரை எழுதி வாங்குவது நல்லது.

உண்மையில் பார்க்க வேண்டியது வைரத்தை, அதாவது மரத்தின் முற்றிய உள்பகுதியை. தேக்கின் எண்ணெய்ப் பசையும், கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும் வேதிப்பொருட்களும் பொன்பழுப்பு நிற வைரப் பகுதியில்தான் உள்ளன. பட்டையை ஒட்டிய வெளிர் பகுதியான 'வெள்ளை'யில் அந்தப் பாதுகாப்பு இல்லை, மாவுச்சத்துதான் இருக்கிறது. அதைத் தேடி வரும் வண்டுகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் துளைகளைப் போட்டு, மாவு போன்ற பொடியைக் கொட்டும். 20, 25 ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெள்ளையின் பங்கு அதிகம். 50, 60 ஆண்டு நின்ற மரத்தில் குறைவு. வெள்ளையைச் சாயம் பூசி வைரத்தோடு ஒன்றாக்கிக் காட்டுவதும் நடக்கிறது. பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள், ஓரிடத்தில் லேசாக இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாயம் மேலோட்டமாகத்தான் இருக்கும், உள்ளே வெளிர் நிறம் தெரிந்துவிடும். செய்து முடித்த சாமான் என்றால் அடிப்பக்கம், இழுப்பறையின் உள்புறம், முதுகுச்சட்டம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். மேல்பலகை வைரமாகவும் கால்கள் வெள்ளையாகவும் இருந்தால் அந்த மேசையை வாங்காதீர்கள். எடையைத் தாங்குவதும் கால்கள்தான், தரை ஈரம் முதலில் தொடுவதும் கால்களைத்தான்.

வளையங்கள் நெருக்கமாக இருந்தால் உறுதி அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். தேக்கில் ஒவ்வொரு ஆண்டு வளையமும் பெரிய துளைகளின் வரிசையோடு தொடங்குகிறது. வளையம் மிகக் குறுகினால் துளைகளின் பங்கு கூடுகிறது, அதனால் நெருக்கத்தை மட்டும் பார்த்து உறுதியைச் சொல்லிவிட முடியாது.

"தூக்கிப் பாருங்கள், என்ன கனம்!" என்பதும் ஏமாற்றும் பேச்சுதான். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, அதாவது கன அடிக்கு 18 கிலோ அளவில் நிற்கும். 1 அங்குலத் தடிமன், 12 அங்குல அகலம், 6 அடி நீளமுள்ள பலகை அரை கன அடி. அது 9 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 12 கிலோ காட்டினால் மரம் ஈரமாக இருக்கிறது அல்லது வேறு மரம்.

அந்த ஈரம்தான் பின்னால் பொருத்துகளைத் திறக்க வைக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 8 முதல் 12 சதவீத ஈரம் போதும். 20 சதவீதத்தில் வாங்கிய 12 அங்குலப் பலகை, 10 சதவீதத்துக்குக் காயும்போது அகலத்தில் 5 மில்லிமீட்டர் வரை சுருங்கும். ஈரமானியை முனையில் குத்திப் பார்ப்பது பயனற்றது. முனை முதலில் காய்ந்துவிடும், அதனால் குறைத்துக் காட்டும். முனையிலிருந்து ஓரடி உள்ளே, இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்று அல்ல. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையைவிட, வளையத்தை ஒட்டிய திசையில் அது ஏறக்குறைய இரு மடங்கு. மரத்தின் மையப்புள்ளி உள்ளே அடங்கிய கட்டை கட்டாயம் வெடிப்பது இதனால்தான். அதைக் காலுக்கோ சட்டத்துக்கோ எடுக்காதீர்கள். பொருத்து வரும் இடத்தில் கணு இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். புதிதாக அறுத்த தேக்கில் பச்சை கலந்த திட்டுகளும் ஒழுங்கற்ற கோடுகளும் இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் அவை பொன்பழுப்பாக ஒன்றுபடும். வெளியில் வைத்த தேக்கு சாம்பல் நிறமாவது மேற்பரப்பு மாற்றம் மட்டுமே.

அளவு பேசும்போது, கன அடிக் கணக்கு அறுத்த அளவுக்கா, இழைத்த அளவுக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அறுத்த 1 அங்குலப் பலகை இருபுறமும் இழைத்தபின் முக்கால் அங்குலம்தான் தேறும்.

கடைசியாக, நல்ல மரத்தையே கெடுக்கும் ஒரு தவறு: எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் ஒட்டுப்பசை தடவுவது. இணைக்கும் பரப்பை அன்றைக்கே உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியான உடனே ஒட்ட வேண்டும். மறுநாள் வரை விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும், பாலிஷும் சரியாக உலராது.