வெளிநாட்டுக்குத் தைலம் அனுப்புகிறவர்களுக்கு: பொருள் பொறுப்புக் காப்பீடு எடுப்பது எப்படி

கோத்தகிரியில் எங்கள் கொட்டகையிலிருந்து ஜெர்மனிக்கு முதல் ஆர்டர் கிளம்பும் நேரம். விலை, அளவு, பாட்டில் எல்லாம் பேசி முடித்தாயிற்று. வாங்குகிறவர் கடைசியாக ஒன்று கேட்டார்: "ப்ராடக்ட் லயபிலிட்டி சான்றிதழ் அனுப்புங்கள்." என்னிடம் இருந்த மரைன் பாலிசியை அனுப்பினேன். இது அது இல்லை என்று பதில் வந்தது.

நம் மலையில் தைலம், சாக்லேட், தேன், மெழுகுவர்த்தி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்குகிற பலரும் இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி நிற்கிறார்கள். மரைன் பாலிசி, சரக்கு துறைமுகம் தாண்டிக் கடலில் போய்ச் சேரும்வரை உடைந்தாலோ நனைந்தாலோ பார்த்துக்கொள்ளும். ஈசிஜிசி என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு, வாங்கியவர் பணம் தராவிட்டால் உதவும். சரக்கு பத்திரமாகப் போய், பணமும் வந்து, யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்தும்போது அவருக்கோ அவர் சொத்துக்கோ தீங்கு நேர்ந்தால்? அதற்குத்தான் பொருள் பொறுப்புக் காப்பீடு.

ஒரு பாட்டிலை வைத்தே சொல்கிறேன். விண்டர்கிரீன் தைலம், 10 மில்லி, பழுப்புக் கண்ணாடி. ஒரு டீஸ்பூன் அளவில் இருக்கும் சாலிசிலேட் என்ற மருந்துப் பொருள், பெரியவர்கள் போடும் ஆஸ்பிரின் மாத்திரை சுமார் 20-க்குச் சமம்; குழந்தை குடித்துவிட்டால் ஆபத்து. குழந்தை திறக்க முடியாத மூடி போடாமல், எச்சரிக்கை வரியும் இல்லாமல் அனுப்பினால், அந்தக் குறையே பொருளின் குறைபாடாகக் கருதப்படும். ஐரோப்பாவில் 1985-இல் வந்த சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் நம்முடைய அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறைபாடு, அதனால் தீங்கு, இந்த இரண்டையும் காட்டினால் போதும். வெளியிலிருந்து இறக்குமதி செய்தவரையே தயாரிப்பாளராகப் பாவித்து அவர்மேல் வழக்குப் போடலாம். அவர் அடுத்து நம்மிடம் வருவார். அதனால்தான் சான்றிதழ் கேட்கிறார்கள். 2026 டிசம்பர் 9-க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்கு அங்கே புதிய சட்டம் பொருந்தும். அதிலும் இந்த அடிப்படை மாறவில்லை.

சரி, எப்படி எடுப்பது?

முதலில் ஒரு தாள் தயார் செய்யுங்கள். என்னென்ன பொருள், எதற்குப் பயன்படுவது, எந்த நாட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு ரூபாய்க்குப் போகிறது என்று எழுதுங்கள். அமெரிக்கா, கனடா விற்பனையைத் தனியாகக் காட்டுங்கள். அங்கே வழக்குச் செலவும் இழப்பீடும் அதிகம் என்பதால் பிரீமியமும் வேறு கணக்கு. அங்கே அனுப்பாதவர் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்து, ஆள் பிடிப்பது. ஊட்டியிலும் குன்னூரிலும் எனக்குத் தெரிந்த ஏஜென்டுகள் வண்டிக்கும் தீ விபத்துக்கும் பாலிசி போட்டுப் பழகியவர்கள். இதற்கு கோயம்புத்தூரில் உரிமம் உள்ள ஒரு புரோக்கரைப் பார்ப்பது நல்லது. ஏஜென்ட் கம்பெனியின் ஆள், புரோக்கர் நம் பக்கத்து ஆள். இரண்டு மூன்று கம்பெனிகளின் விலையை வாங்கித் தருவார்.

பாலிசி கேட்டு நிரப்பும் புரபோசல் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். முன்பு வந்த புகார், திரும்பி வந்த சரக்கு, எல்லாவற்றையும் எழுதுங்கள். சின்னதுதானே என்று விட்ட ஒரு வரியைக் காட்டி க்ளைமை நிராகரிக்க முடியும். லேபிளின் நகல், ஆய்வக அறிக்கை, பேட்ச் நம்பர் போடும் முறை இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

பணம் கட்டும் முன் பாலிசியைப் படியுங்கள். நான் ஏமாந்தது இங்கேதான். முதல் பாலிசியில் 'டெரிட்டரி: உலகம் முழுவதும்' என்று இருந்ததைப் பார்த்து நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம் தள்ளி 'ஜூரிஸ்டிக்ஷன்: இந்தியா' என்று இருந்தது. அதாவது தீங்கு எங்கே நடந்தாலும் சரி, வழக்கு இந்திய நீதிமன்றத்தில் நடந்தால் மட்டும் பணம். ஹாம்பர்க்கில் இருப்பவர் ஊட்டி கோர்ட்டுக்கு வந்தா வழக்குப் போடுவார்? பாலிசி விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. ஒரு வருடம் கட்டிய காசு வீண். இரண்டு இடத்திலும் நீங்கள் அனுப்பும் நாடுகள் அடங்குகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

அதற்கடுத்து ரெட்ரோஆக்டிவ் தேதி. இந்த வகைப் பாலிசி நம் ஊரில் பெரும்பாலும் க்ளைம்ஸ் மேட் முறையில் வருகிறது, அதாவது க்ளைம் வரும் நாளில் எந்தப் பாலிசி நடப்பில் உள்ளதோ அதுதான் கணக்கு. 2022-இல் அனுப்பிய பாட்டிலால் 2024-இல் விபத்து, 2025-இல் வக்கீல் நோட்டீஸ் என்று வைத்துக்கொள்வோம். பணம் தர வேண்டியது 2025-இல் நடப்பில் உள்ள பாலிசி. ஆனால் விபத்து, அதில் எழுதியுள்ள ரெட்ரோ தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். விலை குறைகிறது என்று கம்பெனி மாற்றும்போது, பழைய தேதியையே புதுப் பாலிசியிலும் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் அன்றைய தேதியைப் போட்டுவிடுவார்கள், பின்னால் இருக்கும் வருடங்கள் அத்தனையும் போய்விடும். புதுப்பிக்க மறந்தாலும் இதே கதி.

கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை இரண்டாக எழுதியிருக்கும்: ஒரு விபத்துக்கு 1 கோடி, வருடத்துக்கு மொத்தம் 2 கோடி என்பதுபோல. வக்கீல் செலவு இந்தத் தொகைக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். எக்ஸஸ் என்பது ஒவ்வொரு க்ளைமிலும் நம் கையிலிருந்து போகும் பங்கு. இறக்குமதியாளர் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னால், அதற்கு வெண்டார் எண்டார்ஸ்மென்ட் என்று பெயர்.

இந்தப் பாலிசி தராதவையும் உண்டு. குறையுள்ள பொருளின் விலை, சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறும் செலவு, அபராதம் இவை பொதுவாக வராது. 'ஒரே நாளில் சளி போகும்' என்று லேபிளில் உறுதி கொடுத்து, போகவில்லை என்று யாராவது வந்தாலும் வராது. அப்புறம், வாங்குகிறவர் அனுப்பும் ஒப்பந்தத்தில் 'எந்த நஷ்டம் வந்தாலும் விற்றவரே ஏற்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். சட்டப்படி நமக்கு இல்லாத பொறுப்பை நாமே எழுதி ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதைச் சுமக்காது. கையெழுத்துக்கு முன் புரோக்கரிடம் காட்டுங்கள்.

பாலிசி கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு பாட்டிலை சீல் உடைக்காமல் எடுத்து வையுங்கள். இலை எங்கே வாங்கியது, காய்ச்சிய தேதி, போன இடம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். நம் மழையில் ஒரு சீசனுக்குள் காகிதம் பூத்துவிடும், அதனால் பக்கங்களைப் படமெடுத்தும் வையுங்கள். ஐரோப்பாவில் பொருள் சந்தைக்குப் போய் பொதுவாக 10 வருடம்வரை வழக்கு வர இடமுண்டு.

புகார் மெயில் வந்தால், பதறிப்போய் 'எங்கள் தவறுதான், ஈடு செய்கிறோம்' என்று எழுதிவிடாதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் க்ளைம் சிக்கலாகும். விவரம் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு, அன்றைக்கே புரோக்கருக்கு போன் செய்யுங்கள். அந்த பேட்ச்சின் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள்.